முதலை பிரசிடெண்ட்

பஞ்சாயத்து மெம்பர்களாகப் புதிதாக ஜெயித்து வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கழுத்தில் மாலை போட்டாகிவிட்டது. கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்து சோடாவும் உடைத்துக் கொடுத்தாகிவிட்டது. இனிமேல் பேசாமல் தப்பிக்க முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜெயித்த தேர்தலைவிடத் தோற்ற தேர்தல்தான் அதிகம். அனுபவம் பேச என்னைப் பிடித்து வந்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, ஆனால் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். ஜெயித்துக்கொண்டே இருந்தவர்கள் எழுதின புத்தகங்களை நானும் படித்திருக்கிறேன். அதிலெல்லாம் ஒன்று, ஜெயிலில் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் ரயிலை விட்டு இறங்குகிறார்கள், உடனே மாலை விழுகிறது. நான் ஜெயிலுக்குப் போனதில்லை. திருத்தணி ரயில்வே ஸ்டேஷனுக்குத் தினமும் போயிருக்கிறேன். ஆனால் அது என்னுடைய ஜட்கா வண்டிகள் அங்கே நின்றதால். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் பக்தர்களை ஏற்றிப்போவதுதான் எங்கள் குடும்பத் தொழில். என் கழுத்தைவிட என் குதிரைகளின் கழுத்தில்தான் அதிக மாலை விழுந்திருக்கிறது.

அப்புறம் எப்படி பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் ஆனேன் என்று கேட்பீர்கள். யுத்தம் முடிந்த சமயம் அது. திருத்தணியெல்லாம் அப்போது சித்தூர் ஜில்லா. ஊரில் இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் ரைஸ் மில்காரர், இன்னொருவர் ஜவுளிக்கடைக்காரர். இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. இரண்டு பேரும் தேர்தலில் நின்றார்கள். மில்காரர் வீடு வீடாகப் போய், "யாருக்கு வேணும்னாலும் போடுங்க, அந்த ஜவுளிக்காரனுக்கு மட்டும் போடாதீங்க" என்றார். ஜவுளிக்காரரும் அதே வீடுகளுக்குப் போய் மில்காரரைப் பற்றி அதையே சொன்னார். ஊர் இரண்டு பேர் பேச்சையும் கேட்டது. மூன்றாவதாக நின்றிருந்த நான் ஜெயித்துவிட்டேன்.

என்னை நிற்க வைத்தது என் பாவா. அக்காவின் புருஷன், பேர் முனிரத்தினம். மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்தார். ஆடிக் கிருத்திகை வந்தால் குளக்கரை ஓரத்துக் கடைகளையெல்லாம் குத்தகைக்கு எடுப்பார். அந்த நாலைந்து நாள் வியாபாரம்தான் அவருக்கு வருஷம் பூராவும் சோறு. மச்சான் பிரசிடெண்டாக இருந்தால் கடை போடுகிறபோது தொல்லை இருக்காது என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கும் இல்லை. முதல் வருஷம் நான் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. பிரசிடெண்டுக்கு அப்போது என்ன அதிகாரம் என்கிறீர்கள்? தெரு விளக்கு, சாக்கடை, வெறி நாய். இந்த மூன்றையும் விட்டு நாலாவதாக எதையாவது தொட்டால்தான் வம்பு.

இரண்டாவது வருஷம் நாலாவது ஒன்று என்னைத் தேடி லாயத்துக்கே வந்தது.

கிருத்திகைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. காலையில் குதிரைகளுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். தெற்கத்தி ஆள், எதையும் உரக்கப் பேசமாட்டார். என்னைக் குதிரைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "குளத்துப் பக்கத்துச் சத்திரத்தில் ஒரு காவடிக்காரனுக்கு வாந்தி பேதி" என்றார்.

காலரா என்ற பேரை அந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்று பயம். நானும் வாந்தி பேதி என்றே கேட்டேன். "அதுதானா சார்?"

"இருக்கலாம். சென்னையில் சோதித்துச் சொன்னால்தான் நிச்சயம். அதற்குள் திருவிழா முடிந்துவிடும்."

போய்ப் பார்த்தோம். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நெசவாளி. பேர் கன்னியப்பன். லுங்கி நெய்கிறவன், நல்ல உயரமான ஆள். அந்த ஆளைச் சத்திரத்து மூலையில் பழைய துணி மாதிரி போட்டு வைத்திருந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. கையைத் தொட்டால் நாடி கிடைக்கவில்லை. பெண்டாட்டி எல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் துணியெல்லாம் எங்கம்மா அலசின?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வேற எங்கங்க? குளத்துலதான். விடிஞ்சதுல இருந்து அலசிகினேதான் கீறேன்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். அதற்குள்ளாகவே படித்துறையில் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாக ஜனம் முழுகிக்கொண்டிருந்தது. முழுகுகிறவர்கள் ஒரு வாய் குடிக்கவும் செய்வார்கள், அது வேண்டுதலில் சேர்த்தி.

கன்னியப்பனை என்னுடைய ஜட்காவில் போட்டு, நானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முன்னாலும் பின்னாலும் வேட்டியைத் தொங்கவிட்டேன். பெரிய வீட்டுப் பெண்கள் போகிறார்கள் என்று நினைத்து ஜனம் மரியாதையாக வழி விட்டது. டாக்டர் ஊசி வழியாக உப்புத்தண்ணீர் ஏற்ற ஆரம்பித்தார். பிழைப்பானா என்று கேட்டேன். "சாயங்காலம் கேளுங்க" என்றார்.

இப்போது நீங்கள் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்கு ஜனம் வந்துகொண்டிருக்கிறது. நகரி, புத்தூர் பக்கமிருந்து தெலுங்குக்காரர்கள் நடந்தே வருகிறார்கள். மெட்ராஸ் ரயில் ஒவ்வொன்றும் காவடியாகக் கொட்டுகிறது. அத்தனை பேரும் முழுகப்போவது ஒரே குளம். அவர்கள் திரும்பிப் போகப்போவது நூறு ஊர். நிஜமாகவே அந்த வியாதியாக இருந்தால் ஒவ்வொரு ஊருக்கும் ஆளுக்கொரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போவார்கள். இல்லாவிட்டால் நீங்கள் முருகனுடைய திருவிழாவைக் கெடுத்த பாவி.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். குளம் கோயிலுடையது. கரை சர்க்காருடையது. வியாதி வந்தால் அது மட்டும் பஞ்சாயத்து போர்டுடையது. மேலே ஓர் அதிகாரிக்குத் தந்தி அடித்தோம். உடனே பதில் வந்தது. "தக்க நடவடிக்கை எடுக்கவும்." நீங்களும் இந்த வாசகத்தை நிறையப் பார்க்கப்போகிறீர்கள். நல்லபடியாக முடிந்தால் நடவடிக்கை அவருடையது, கெட்டுப்போனால் தகாதது நம்முடையது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

"மூடிடலாம் சார்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

"எப்படி? உண்மையைச் சொன்னால் பயந்து ஓடுவார்கள். வியாதியையும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்."

அதற்கு என் மூளை ஒரு வேலை செய்தது. தண்டோரா போடுகிறவனைக் கூப்பிட்டு, குளத்தில் முதலை இறங்கியிருக்கிறது, யாரும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம் என்று அறிவிக்கச் சொன்னேன். அரசியலில் இருக்கிறவனுக்குப் பொய் சொல்வதில் கூச்சம் கிடையாது. ஆனால் எந்தப் பொய்யை எங்கே சொல்வது என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

முதலைக்குப் பயந்து ஜனம் ஓடும் என்று நினைத்தேன். ஜனம் முதலையைப் பார்க்க ஓடி வந்தது. ஸ்டேஷனில் இருந்தவன், சந்தையில் இருந்தவன், சலூனில் பாதி முகம் சிரைத்துக்கொண்டிருந்தவன் எல்லோரும் குளக்கரையில். வேப்பமரத்துக் கிளையெல்லாம் ஆள். ஒருவன் வாலைப் பார்த்தேன் என்றான். பக்கத்தில் இருந்தவன் வாலென்ன, வாயையே பார்த்தேன் என்றான். கொஞ்ச நேரத்தில் ஒரு கோஷ்டி, வந்திருப்பது சாதாரண முதலை இல்லை என்று சொல்லிப் படித்துறையில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைக்க ஆரம்பித்தது. என் பாவா சாமர்த்தியசாலி. முதலைக்குப் போட என்று பொரி பொட்டலம் கட்டி விற்றார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையைத் தூக்கி, "மச்சான், நாளைக்கும் முதலை இருக்குமாடா?" என்று கத்தினார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "காலை முதல் முழுகினவர்களைவிட இப்போது தண்ணீரில் நிற்கிறவர்கள் அதிகம்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் காதெல்லாம் சுட்டது.

அங்கேயே ஒன்றை முடிவு செய்தேன். ஜனத்தைத் தண்ணீரிலிருந்து பயமுறுத்தி விரட்ட முடியாது, வேறு தண்ணீர் காட்டி இழுக்கத்தான் முடியும். ஊர் நுழைகிற இடத்தில் பெரிய பந்தல் போட்டு, பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர் நிரப்பி, வருகிறவர்களை அங்கேயே குளிக்க வைக்க வேண்டும். அத்தனை தண்ணீருக்கு நல்ல கிணறு வேண்டும். அப்பேர்ப்பட்ட தோட்டக் கிணறு ஊரில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. உங்களுக்கே தெரிந்திருக்கும், மில்காரரும் ஜவுளிக்காரரும்தான். என்னிடம் தோற்றுப்போன இரண்டு பேர்.

மில்காரரிடம் போனேன். "ஐயா, காவடிக்காரங்களுக்குத் தண்ணி தர்றதுக்கு ஜவுளிக்கடைக்காரர் கிணத்தைத் தர்றேன்னுட்டாரு. பந்தல்ல அவர் பேரை எழுதலாமான்னு கேக்க வந்தேன்."

மில்காரர் துள்ளி எழுந்தார். "அந்தக் கிணத்துத் தண்ணி உப்புடா! முருகன் பக்தனுக்கு அதையா ஊத்துவ? என் கிணத்துல கவலை இறைக்க ரெண்டு ஜோடி மாடு பூட்டச் சொல்றேன். போ!"

அங்கிருந்து நேராக ஜவுளிக்காரரிடம் போய், மில்காரர் கிணறு தந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அது நிஜம் என்பதால் இன்னும் நன்றாகச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் இரண்டு கிணற்றிலும் மாடுகள் இறைத்துக்கொண்டிருந்தன. என் ஜட்காக்களும் ஊரிலிருந்த கட்டை வண்டிகளும் பீப்பாய்களைச் சுமந்தன. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பீப்பாயிலும் பிளீச்சிங் பவுடர் கலந்தார். மீதி இருந்ததைக் குளத்தில் கொட்டினார். படித்துறையைச் சுற்றிக் கயிறு கட்டி இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினோம்.

மறுநாள் காலை குளக்கரையில் ஜட்கா மேல் ஏறி நின்று ஜனத்திடம் பேசினேன். மேடையில் ஏறினால் நான் விடாமல் பேசுகிறவன். அன்றைக்குச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். "முதலையெல்லாம் கிடையாது. அது நான் சொன்ன பொய். சத்திரத்துல ஒருத்தருக்கு வாந்தி பேதி. அவர் துணியைக் குளத்துல அலசிட்டாங்க. குளத்துல முழுகாதீங்க. ஊர் முனைப் பந்தல்ல நல்ல தண்ணி கீது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பொய் சொன்னதற்கு ஒருத்தன் திட்டினான். முதலை இல்லை என்றதற்கு இன்னொருத்தன் திட்டினான். அவனுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். நேற்று முதலை, இன்றைக்கு வாந்தி பேதி, நாளைக்கு என்ன, சிங்கமா என்று கேட்டார்கள். புத்தூர்க்காரர் ஒருவர், காவடியைத் தோளிலிருந்து இறக்காமல், குளத்தில் முழுகாவிட்டால் வேண்டுதல் சேருமா என்று தெலுங்கில் கேட்டார். நான் பந்தல் இருக்கிற பக்கம் கையைக் காட்டினேன். ஒருத்தரும் பந்தலுக்குப் போகவில்லை, ஓடவும் இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம் கெட்டியாகிக்கொண்டே போனது. போலீஸ்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது. என் பாவா வந்தார். பின்னால் கடைக்காரர்கள் ஒரு கூட்டம். அவர்களுக்கு முன்னால் என் அக்கா, மஞ்சள் புடவையில், தோளில் பூக்காவடியோடு.

அவள் பையனுக்கு மாசி மாதத்தில் கடும் ஜுரம் வந்து நாங்கள் எல்லோரும் கைவிட்ட நிலைமை. அவன் பிழைத்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பையன் பிழைத்துவிட்டான். அந்தக் காவடியைத்தான் பாவா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிரசிடெண்டின் சொந்த அக்காவே குளத்தில் முழுகி எழுந்துவிட்டால் அப்புறம் கயிற்றுக்கு என்ன வேலை? இந்த யோசனை வேறு யாருக்கும் வராது. அவருக்கு வந்தது.

"டேய், இன்னாடா கயிறு கட்டி வெச்சிகினு கீற?" என்றார் பாவா. "பந்தல் ஊர் முனையில போட்டுட்ட. ஜனம் அங்கியே குளிச்சி அங்கியே தேங்கா வாங்கிகினு மலை ஏறிடும். குளக்கரையில கடை போட்டவன்லாம் இன்னா பண்றது? தேங்காய வாயில போட்டுகினு சாவறதா? உன்னை நிக்க வெச்சதே நான்டா."

"பாவா, கொஞ்சம் பொறுங்க."

"இன்னா பொறுக்கறது? இவ முழுகுவா. நீ தடுத்துப் பாரு. கூடப் பொறந்தவளைப் போலீஸை வெச்சிப் புடிப்பியா?"

பிடித்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், போலீஸ்காரர்களுக்கும் தெரியும். ஜட்காவை விட்டு இறங்கி அக்கா முன்னால் போய் நின்றேன். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்து முதலைன்னு சொன்னியாமே" என்றாள்.

"ஆமாங்க்கா."

"கேக்கும்போதே பொய்யின்னு தெரிஞ்சிகினேன். இன்னிக்கி வாந்தி பேதின்ற. அதுதானாடா அந்தாளுக்கு? நல்லா தெரியுமா?"

என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். நிச்சயமாக அதுதான், மெட்ராஸிலிருந்து தந்தியே வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல வாயும் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு ஜுரம் வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுத முகம்.

"தெரியாதுக்கா" என்றேன்.

"தண்ணி கெட்டுப்போச்சா?"

"அதுவும் தெரியாதுக்கா. தெரியறதுக்குள்ள அத்தினி பேரும் முழுகி முடிச்சிருப்பாங்க. அதான் பயமா கீது."

அக்கா பாவா பக்கம் திரும்பினாள். "இவன் பொறந்ததுல இருந்து பாத்துகினு கீறேன். இவன் வாயில தெரியாதுன்னு ஒரு வார்த்தை வந்ததே இல்ல. ஏரோப்ளேன் எப்படிப் பறக்குதுன்னு கேட்டாக்கூட நின்னு சொல்லுவான். இன்னிக்கி தெரியாதுன்றான். எனக்கும் பயமா கீது. நான் பந்தல்லியே ஊத்திக்கிறேன்."

"அடியே!" என்றார் பாவா.

"புள்ளைக்காகத்தானே வேண்டிகினேன்? இந்தத் தண்ணியில முழுகி நான் எதையாவது வாங்கிகினு போய் அந்தப் புள்ளைக்கே குடுக்கறதா?"

காவடியோடு ஊர் முனைப் பக்கம் திரும்பி நடந்தாள். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. பந்தலில் ஒரு செம்பை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "அரோகரா" என்று முதலில் யார் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. புத்தூர்க்காரர் அடுத்த செம்பை எடுத்தார். அதன் பிறகு பீப்பாய் நிரப்ப எங்களுக்குக் கை போதவில்லை.

அதோடு எல்லோரும் சொன்னபடி கேட்டார்கள் என்று சொன்னால் நானும் அந்தப் புத்தகக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவேன். கயிற்றுக்கு அடியில் நுழைந்தவர்கள் உண்டு. பின்பக்கம் சுவர் ஏறிக் குதித்தவர்கள் உண்டு. ஒரு வக்கீல், தன் மேல் கை வைத்தால் கேஸ் போடுவேன் என்று சொல்லிக்கொண்டே முழுகினார். ஆனால் பெரிய கூட்டம் பந்தலோடு போயிற்று. திருவிழா முடிந்தது. மில்காரரும் ஜவுளிக்காரரும் யார் கிணற்றில் அதிகம் இறைத்தது என்று அதற்கப்புறமும் வெகுகாலம் சண்டை போட்டார்கள்.

கன்னியப்பன் பிழைத்தான். டாக்டரே எதிர்பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கஞ்சியில் உப்பில்லை என்று எல்லம்மாவிடம் சண்டை வேறு. அவனிடமிருந்து எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிய புட்டி வழியில் உடைந்துபோனது, சோதிக்க ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. ஆகவே அது என்ன வியாதி என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. சுற்று வட்டாரத்தில் அந்த ஆடியில் ஒருவரும் சாகவில்லை.

சாகாததுதான் எனக்கு வினையாகப் போயிற்று. நாலு பேர் செத்திருந்தால் என்னைத் தெய்வம் என்றிருப்பார்கள். ஒருத்தரும் சாகாததால், வராத வியாதிக்குக் குளத்தை மூடிய பைத்தியக்காரன் ஆகிவிட்டேன். பாவாவின் தேங்காய்கள் குளக்கரையிலேயே கிடந்து அழுகின. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். பொங்கலுக்கு நான் கொண்டுபோன சீர் வரிசையை வாசலோடு திருப்பி அனுப்பினார். அக்கா உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் திரும்பி வருகிறபோது குதிரையை விரட்டாமல் அது போகிற போக்கில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது அந்த நேரத்தில் வந்து பதவி வேண்டுமா என்று கேட்டிருந்தால் குதிரையோடு சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

அடுத்த தேர்தலில் எனக்கு எதிராகப் பாவாவே நின்றார். ஊர்ச் சுவரிலெல்லாம் கரியால் முதலைப் படம். கீழே என் பேர். "முதலை பிரசிடெண்ட்" என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் சிலர் அப்படிச் சொன்னால்தான் என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். அந்தத் தேர்தலில் தோற்றேன். சாதாரணமாக இல்லை, நன்றாகவே தோற்றேன். அதைப் பற்றி ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் சந்தைத் திடலில் பாவா போட்ட கூட்டத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது. மைக் கிடையாது. நானும் இன்ஸ்பெக்டரும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். எதிரி கூட்டத்துக்குப் போய்க் கேட்பதை எப்போதும் விடாதீர்கள். உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாத விஷயமெல்லாம் அங்கே கிடைக்கும். பாவா பேசினார். அப்புறம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் பேசுவார் என்றார். மேடையில் ஏறினவன் கன்னியப்பன்.

"எனக்கு காலராவாம்யா!" என்று ஆரம்பித்தான். "நான் இன்னா பண்ணேன்? நகரி சந்தையில ஒரு பலாப்பழத்தை வாங்கி முழுசா நானே தின்னேன். அதுக்கு மேல மோர் குடிச்சேன். வயிறு கலங்கிச்சு. உங்க வூட்டுல யாருக்கும் வயிறு கலங்கினதே இல்லியா? அதுக்கு இந்த ஆளு முருகன் குளத்தையே மூடிட்டான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. நான் பார்த்து அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "நாடி இல்லாமல் கிடந்தவன் சார் இவன்! உங்கள் வண்டியில்தானே எடுத்துப் போனோம்? மேடையில் ஏறிச் சொல்லுங்கள். நானும் வந்து சொல்கிறேன். இப்போதே சொன்னால் தேர்தல் திரும்பிவிடும்."

திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு முன்னால் எல்லம்மா என்னைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அந்த வியாதி வந்த வீடு என்று அவர்கள் தெருவில் யாரும் தண்ணீர் கொடுப்பதில்லை. அவர்கள் தறியில் நெய்த துணியை வியாபாரி கையால் தொடுவதில்லை. பாவா ஆள் அனுப்பி, பலாப்பழம் என்று மேடையில் சொன்னால் ஊர் நம்பும், கெட்ட பேரும் போய்விடும் என்றாராம். "நீங்க மட்டும் இல்லன்னு எதுத்து சொல்லிடாதீங்க சாமி" என்றாள். "சொல்லமாட்டேன், போம்மா" என்று அனுப்பிவைத்தேன்.

எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களைச் சொல்லி நான் ஓட்டு வாங்கியிருக்கிறேன். தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

கன்னியப்பன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். "அதோ நிக்கிறாரு பாருங்க, முதலை பிரசிடெண்டு!" என்று கையை நீட்டினான். ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் இரண்டு கையையும் கூப்பி ஒரு பெரிய கும்பிடு போட்டேன். மேடையில் பாவா மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படி சார் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நாடி இல்லாம கிடந்தவன் குரலைக் கவனிச்சீங்களா சார்?" என்றேன். "மைக் கூட இல்ல. கடைசி வரிசை வரைக்கும் கேக்குது."